இன்டர்வியூ முடிஞ்சுது, ரிசல்ட் வரல: எப்படி பண்ணோம்னு நாமளே கணக்கு போடறது எப்படி?

ஐடி கம்பெனி இன்டர்வியூல டெக்னிக்கல் ரவுண்ட் முடிஞ்சு மீட்டிங்க கட் பண்ண அடுத்த நிமிஷம் எல்லாரும் பண்ற வேலை ஒண்ணுதான், ஃப்ரெண்டுக்கு போன் போட்டு "மச்சி, அவரு சிரிச்சாருடா, கடைசில ஆல் த பெஸ்ட் கூட சொன்னாரு, அப்ப செலக்ட்தான?"ன்னு கேக்கறது. அந்த ஃப்ரெண்டுக்கு மட்டும் என்ன தெரியும், "சூப்பர்டா, ட்ரீட் எப்போ"ம்பான். ரெண்டு நாள் கழிச்சு அதே ஆளு நடுராத்திரி முழிச்சு உக்காந்துகிட்டு ஒரே ஒரு கேள்விக்கு பதில் சொல்லாம விட்டத நெனச்சு எல்லாம் போச்சுன்னு பொலம்பிட்டு இருப்பாரு. இன்டர்வியூ அதேதான், நடுவுல மாறினது மூடு மட்டும்தான்.

நான் பேனல்ல உக்காந்து கேள்வி கேக்கற பக்கமும் கொஞ்சம் வருஷமா இருக்கேன், அதனால அந்தப் பக்கம் என்ன நடக்குதுங்கறத வச்சு இத எழுதறேன். ஃப்ரெஷர்ஸ், முதல் தடவை கம்பெனி மாறறவங்க, இவங்களுக்குதான் இது. பத்து இன்டர்வியூ பாத்தவங்களுக்கு இதுல பாதி தெரிஞ்சிருக்கும்.

முதல்ல ஒரு விஷயத்த பிரிச்சு வச்சுக்கோங்க. "நான் எப்படி பண்ணேன்"ங்கறது ஒரு கேள்வி, "எனக்கு வேலை கிடைக்குமா"ங்கறது வேற கேள்வி. முதல் கேள்விக்கு ஓரளவு நேர்மையா பதில் கண்டுபிடிச்சிடலாம். ரெண்டாவதுல பாதி விஷயம் உங்க கையிலயே இல்ல, அத பின்னாடி சொல்றேன். ரெண்டையும் போட்டு கொழப்பறதுனாலதான் இந்த மண்டைக் காய்ச்சல்.

1. சூடு ஆறறதுக்குள்ள எழுதி வைங்க

கால் முடிஞ்ச உடனே, போன் கீன் எடுக்கறதுக்கு முன்னாடி, ஒரு நோட்டோ கூகுள் டாக்கோ தொறந்து எல்லாத்தையும் கொட்டுங்க. என்ன கேட்டாங்க, என்ன சொன்னேன், எங்க மாட்டினேன், எங்க அவங்க நடுவுல பேசினாங்க, அடுத்து என்ன கேட்டாங்க, அதே வரிசைல. அழகா எழுத வேணாம், தங்கிலீஷ்ல கிறுக்கினாலும் போதும், ஆனா "நல்லா போச்சு", "சொதப்பிட்டேன்" மாதிரி தீர்ப்பு எதுவும் இதுல வரக்கூடாது, நடந்தது மட்டும்.

ஏன் உடனேன்னா, முடிக்காத விஷயம்தான் மண்டைல ஒட்டிக்கும், முடிச்சது கழண்டு போயிடும்னு ஒரு கருத்து இருக்கு. ப்ளூமா ஸைகார்னிக்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1927லயே இத பத்தி எழுதியிருக்காங்க. இன்டர்வியூல அது அப்படியே தெரியும், அஞ்சு கேள்விக்கு ஒழுங்கா சொல்லியிருப்பீங்க, ஆறாவது ஒண்ணு தெரியலன்னிருப்பீங்க, மூணு நாள் கழிச்சு யாராவது கேட்டா அந்த ஆறாவது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். எழுதி வச்சிருந்தா அந்த அஞ்சும் பேப்பர்ல இருக்கும்.

ஒரு எச்சரிக்கை, இது உங்களுக்கு மட்டும். கேள்விய அப்படியே டெலிகிராம் க்ரூப்ல போடாதீங்க, சில கம்பெனில வெளில சொல்லமாட்டேன்னு ஒத்துக்க வச்சிருப்பாங்க, சில இடத்துல அதே கேள்வியதான் அடுத்த வாரமும் கேப்பாங்க, யார் போட்டதுன்னு கண்டுபிடிக்கறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல.

2. பேனல் நிரப்பற ஃபார்ம நீங்களே நிரப்புங்க

இதுதான் முக்கியமான ஸ்டெப், கொஞ்சம் பொறுமையா படிங்க.

கால் முடிஞ்சதும் எங்க பக்கம் ஒரு ஃபார்ம் தொறக்கும். கம்பெனிக்கு கம்பெனி கொஞ்சம் மாறும், ஆனா பொதுவா ப்ராப்ளம் சால்விங், கோடிங், அடிப்படை அறிவு, கம்யூனிகேஷன்னு நாலஞ்சு கட்டம் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க், அதுக்குக் கீழ ஏன் அந்த மார்க்னு எழுத ஒரு பாக்ஸ், கடைசில எடுக்கலாமா வேணாமான்னு ஒரு ட்ராப்டவுன். அந்த பாக்ஸ்ல "பையன் நல்ல பையன்"னு எழுதினா ஹெச்ஆரோ மேனேஜரோ திருப்பி அனுப்பிடுவாங்க, ஆதாரம் வேணும். "டூப்ளிகேட் வேல்யூ வந்தா என்ன ஆகும்னு நான் கேக்காமலே அவரா யோசிச்சாரு", "இன்டெக்ஸ்னா என்னன்னு தெரியுது, எப்ப போடக்கூடாதுன்னு தெரியல", இப்படித்தான் எழுதுவோம் (இன்டெக்ஸ்னா டேட்டாபேஸ்ல சீக்கிரம் தேடறதுக்கு போடற பட்டியல்). கூகுள் மாதிரி இடத்துல இத படிச்சு முடிவு பண்ற கமிட்டில இருக்கறவங்க உங்க மூஞ்சியக் கூட பாத்திருக்க மாட்டாங்க. அமேசான்ல பார் ரெய்சர்னு ஒருத்தர் பேனல்ல இருப்பாரு, அவரு நீங்க சேரப்போற டீமே கிடையாது, அவசரத்துக்கு யாரையாவது எடுத்துடக் கூடாதுன்னு பாக்கத்தான் அவரு. அப்ப நீங்க எவ்ளோ சிரிச்சு பேசினீங்கங்கறது அந்த பாக்ஸுக்குள்ள எழுத்தா மாறலன்னா அது கணக்குலயே வராது.

அதனால ஒண்ணாவது ஸ்டெப்ல எழுதினத எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும், பேனல்காரர் உங்கள பத்தி என்ன வரி எழுதியிருப்பாருன்னு எழுதுங்க. வரி வரலன்னா அங்க நீங்க ஆதாரம் எதுவும் குடுக்கலன்னு அர்த்தம்.

உதாரணத்துக்கு நம்ம ஊர்ல எந்த இன்டர்வியூலயும் தப்பிக்க முடியாத கேள்வி ஒண்ண எடுத்துக்கலாம், எம்ப்ளாயி டேபிள்ல ரெண்டாவது அதிக சம்பளம் எடுக்க எஸ்க்யூஎல் (டேபிள்ல இருந்து டேட்டா கேட்டு எடுக்கற மொழி) எழுது. டேபிள்ல நாலு பேரு, சம்பளம் 50,000, 50,000, 40,000, 30,000ன்னு வச்சுக்கோங்க.

நீங்க ஆர்டர் பை போட்டு எறங்கு வரிசைல அடுக்கி லிமிட் 1 ஆஃப்செட் 1 (முதல் வரிய விட்டுட்டு அடுத்த ஒரு வரிய மட்டும் எடுக்கறது) போட்டிருந்தீங்கன்னா என்ன வரும்? மறுபடியும் 50,000தான் வரும், தப்பு. பேனல்காரர் "டூப்ளிகேட் இருந்தா?"ன்னு கேட்டு, நீங்க உடனே டிஸ்டிங்ட் (ஒரே வேல்யூவ ஒரு தடவை மட்டும் எடுக்கறது) சேத்திருந்தா 40,000 வந்திருக்கும், சரி பண்ணிட்டீங்க. ரேங்க் ஃபங்ஷன் போட்டவங்களுக்கு வேற கூத்து, அது 1, 1, 3, 4ன்னு நம்பர் குடுக்கும், ரெண்டாம் ரேங்கே இல்ல, ரிசல்ட் காலியா வரும். டென்ஸ் ரேங்க் 1, 1, 2, 3ன்னு குடுக்கும், அதுல 40,000 வரும். மேக்ஸ (அதிகபட்ச சம்பளத்த) விட சின்னதுல மேக்ஸ்னு சப்கொயரி (கொயரிக்குள்ள இன்னொரு கொயரி) எழுதினவங்களுக்கும் 40,000 வரும், எல்லாருக்கும் ஒரே சம்பளமா இருந்தா அது நல் (வேல்யூவே இல்லன்னு அர்த்தம்) குடுக்கும், டென்ஸ் ரேங்க் போட்டு வடிகட்டினா ஒரு வரியும் வராது.

இப்ப மார்க் போடுங்க. கேக்காமலே டூப்ளிகேட்ட யோசிச்சு, ரேங்குக்கும் டென்ஸ் ரேங்குக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லியிருந்தா 4. கேட்ட ஒடனே சரி பண்ணியிருந்தா 3. ரொம்ப நேரம் தள்ளாடி அவரே பாதி சொல்லி குடுத்திருந்தா 2. கடைசி வரைக்கும் என் கொயரி சரிதான்னு சாதிச்சிருந்தா 1. இதுல கவனிங்க, 3 வாங்கினவரு, 4 வாங்கினவரு ரெண்டு பேருமே "பதில் சொல்லிட்டேன்"னுதான் வெளில சொல்லுவாங்க. அதேதான் 2ல இருக்கறவரும் சொல்லுவாரு. பதில் வந்துச்சா இல்லையாங்கறத வச்சு கணக்கு போட்டா ஏமாந்துடுவீங்கன்னு சொல்றது இதனாலதான்.

எக்ஸ்பீரியன்ஸ் இருக்கறவங்களுக்கு எல்ஆர்யூ கேஷ் (இடம் நெறஞ்சா ரொம்ப நேரமா தொடாதத தூக்கிடற தற்காலிக சேமிப்பு) எழுத சொல்லியிருப்பாங்க, அங்கயும் இதே கதைதான், ஹேஷ்மேப்பும் டபுளி லிங்க்ட் லிஸ்ட்டும் (டேட்டாவ அடுக்கி வைக்கற ரெண்டு முறை) சேத்து எழுதறது எல்லாரும் மனப்பாடம் பண்ணிட்டு வர்றாங்க, ஏற்கனவே இருக்கற கீக்கு (வேல்யூவ தேடறதுக்கான பேரு) புது வேல்யூ போட்டா அத முன்னாடி நகத்தினீங்களா, கெபாசிட்டி 1ஆ இருந்தா உங்க கோட் ஒடையுமா, அதுலதான் ஆள பிரிப்பாங்க. சோஹோ மாதிரி இடத்துல டாக்ஸி புக்கிங், ரயில்வே டிக்கெட்னு ஒரு முழு கன்சோல் அப்ளிகேஷன் (பட்டன், படம் இல்லாம எழுத்துலயே ஓடற ப்ரோக்ராம்) எழுத சொல்ற ரவுண்ட் இருந்தா, எத்தன மாட்யூல் ஓடுச்சு, நடுவுல புது ரூல் ஒண்ணு சேக்க சொன்னப்ப கோட மொத்தமா கலைக்க வேண்டி வந்துச்சா இல்ல ஒரு மெத்தட்ல முடிஞ்சுதா, அத எழுதுங்க.

மார்க் போடறதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருக்கு, நீங்க எழுதின கோட வீட்டுல ஓட்டி பாருங்க. இத பத்துல ஒருத்தர் கூட பண்றதில்லன்னு எனக்கு ஒரு சந்தேகம். ஓடும்னு நெனச்சது ஓடாது, தப்புன்னு நெனச்சு வருத்தப்பட்டது ஓடிடும், ரெண்டும் நடக்கும்.

3. ஹின்ட்ட தனியா எண்ணுங்க

நெறைய பேரு ஹின்ட் வாங்கினாலே ஃபெயில்னு நெனைக்கறாங்க. அப்படி இல்ல, சில கேள்விய ஹின்ட் இல்லாம முடிக்கவே முடியாத மாதிரிதான் வச்சிருப்போம், ஒருத்தர் சொன்னத காதுல வாங்கி யோசனைய மாத்திக்கறாரான்னு பாக்கத்தான். ஒரு சின்ன ஹின்ட், நீங்க "ஆமா ஆமா, அப்ப இப்படி போலாம்"னு புடிச்சிகிட்டு போயிட்டீங்கன்னா அது நல்ல மார்க்தான். ஒரே இடத்துக்கு மூணு ஹின்ட் வந்துச்சு, ஒவ்வொண்ணும் முன்னாடி இருந்தத விட வெளிப்படையா இருந்துச்சுன்னா, அது கஷ்டம். ஹின்ட் குடுக்கறத நிறுத்திட்டு "பரவால்ல, அடுத்ததுக்கு போலாம்"னு நகந்துட்டாங்கன்னா அந்த கேள்வி போச்சு, ஆனா அந்த கேள்வி மட்டும்தான்.

கேள்வி போகப் போக கஷ்டமாச்சான்னும் பாருங்க. டிபார்ட்மென்ட் வாரியா ரெண்டாவது சம்பளம் எடு, ஒரு கோடி ரெக்கார்ட் இருந்தா என்ன பண்ணுவ, இப்படி மேல மேல ஏத்திட்டே போனாங்கன்னா கீழ இருந்ததுல நீங்க பாஸ் ஆயிட்டீங்கன்னுதான் பெரும்பாலும் அர்த்தம். "எல்லாமே கஷ்டமா கேட்டாங்க, கடைசி மூணு தெரியல, சொதப்பிட்டேன்"னு அழறவங்கள்ல பாதி பேரு உண்மைல நல்லா பண்ணவங்க. ஈசியாவே கேட்டு ஈசியாவே முடிஞ்சுதுன்னாதான் எனக்கு கொஞ்சம் பயம் வரும்.

4. எத மதிக்கணும், எத தூக்கி போடணும்

சிரிச்சாரு, தலையாட்டினாரு, கேமரா ஆன் பண்ணவே இல்ல, டைப் பண்ணிட்டே இருந்தாரு, "வி வில் கெட் பேக் டு யூ"ன்னாரு, இதெல்லாம் குப்பை. சிலர் எல்லாருக்கும் சிரிப்பாங்க. டைப் பண்ணிட்டு இருந்தவரு உங்க பதில நோட் எடுத்திருக்கலாம், ஆபீஸ் சாட்ல ப்ரொடக்‌ஷன் பிரச்சனைக்கு பதில் சொல்லிட்டும் இருந்திருக்கலாம். போர்ட்டல்ல "அண்டர் ரிவ்யூ"ன்னு இருக்கறதும் அதே ரகம்தான், நிமிஷத்துக்கு ஒரு தடவை ரிஃப்ரெஷ் பண்ணி ஒண்ணும் ஆகப்போறதில்ல. நௌக்ரி சைட்ல அந்த வேலை இன்னும் ஓப்பனா காட்டுதேன்னு பயப்படறவங்களுக்கு, பத்து பேரு வேணும்னாலும் ஒரே விளம்பரம்தான் போடுவாங்க, ஆள் எடுத்தப்புறம் அத எடுக்க மறந்தும் போவாங்க.

சீக்கிரம் முடிஞ்சுதுன்னா? இது ரெண்டு பக்கமும் போகும். ஒரு மணி நேரம் போட்டு 25 நிமிஷத்துல, கேள்விய பாதில விட்டுட்டு முடிச்சாங்கன்னா நல்லதில்ல. கேட்ட எல்லாத்துக்கும் சொல்லி முடிச்சு மீதி நேரம் டீம பத்தி பேசினாங்கன்னா அது வேற.

கொஞ்சம் மதிக்கற மாதிரி இருக்கற அடையாளம் எதுன்னா, யாராவது தன் நேரத்தையோ வேலையையோ செலவு பண்றது. அன்னிக்கே அடுத்த ரவுண்ட் போடறது, மேனேஜர் வந்து "90 நாள் நோட்டீஸ குறைக்க முடியுமா, பை அவுட் இருக்கா"ன்னு (நோட்டீஸ் நாளுக்கு காசு கட்டி சீக்கிரம் வெளில வர்றது) தோண்டி கேக்கறது, ஹெச்ஆர் மூணு மாச பே ஸ்லிப், ஃபார்ம் 16 (சம்பளத்துல புடிச்ச வரிக்கான சான்று) எல்லாம் கேக்கறது. அதுவும் கூட உறுதி கிடையாது. எக்ஸ்பெக்டட் சிடிசி (எதிர்பாக்கற மொத்த வருஷ சம்பளம்) கேட்டதயே சந்தோஷமா எடுத்துக்காதீங்க, அத எல்லார்கிட்டயும் முதல் போன்லயே கேக்கறாங்க.

5. இப்ப ஒரு நம்பர் போடுங்க, ஆனா அத அப்படியே நம்பிடாதீங்க

மார்க் எல்லாம் பாத்து, "என் பக்கம் நான் பாஸ் ஆகற அளவுக்கு பண்ணியிருக்கேனா"ன்னு ஒரு பர்சன்டேஜ் போடுங்க, 60னா 60. தேதியோட எழுதி வைங்க. முதல் சில தடவை இது கன்னாபின்னான்னு தப்பாதான் இருக்கும். இன்டர்வியூயிங் டாட் ஐஓன்னு ஒரு சைட், பேரு சொல்லாம ப்ராக்டிஸ் இன்டர்வியூ பண்ற இடம், அங்க முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் மார்க் போடுவாங்க. அத ஒப்பிட்டு பாத்து அவங்க எழுதினது என்னன்னா, ஆளுங்க தனக்கு தானே போட்டுகிட்ட மார்க்குக்கும் கேட்டவங்க போட்ட மார்க்குக்கும் சம்பந்தம் ரொம்ப கம்மி, அதுலயும் தன்ன கூட்டி மதிப்பிட்டவங்கள விட குறைச்சு மதிப்பிட்டவங்கதான் ஜாஸ்தி. அதனால உங்க மனசு 30ன்னு சொன்னா அத அப்படியே நம்ப வேணாம்.

இனிமே ரெண்டாவது கேள்வி, வேலை கிடைக்குமா. இங்கதான் உங்க கையில இல்லாத சமாச்சாரம் எல்லாம் வருது. ஒரு இடத்துக்கு நாலு பேரு பாஸ் ஆகியிருக்கலாம். கம்பெனிக்குள்ளயே பெஞ்ச்ல (ப்ராஜெக்ட் இல்லாம காத்திருக்கறவங்கள்ல) இருந்து ஒருத்தர் கிடைச்சிருக்கலாம். க்ளையன்ட் ப்ராஜெக்ட்ட தள்ளி வச்சிருக்கலாம், குவார்ட்டர் முடியறதால பட்ஜெட் நின்னிருக்கலாம். உங்கள விட கொஞ்சம் கம்மியா பண்ணவரு 15 நாள்ல சேருவேன்னு சொல்லியிருக்கலாம், நீங்க 90 நாள். இதுக்கெல்லாம் பர்சன்டேஜ் போட முயற்சி பண்ணாதீங்க, 80 பண்ணிட்டும் வரலன்னா இதுல ஏதோ ஒண்ணுன்னு வச்சுக்கோங்க.

6. காத்திருக்கறப்ப

கால் முடியும்போதே "ரிசல்ட் எப்ப எதிர்பாக்கலாம், யார கேக்கலாம்"னு கேட்டிருக்கணும். கேக்கல்லன்னா அன்னிக்கு சாயங்காலமே ஹெச்ஆருக்கு ரெண்டு வரி தேங்க்ஸ் மெயில் போட்டு அதுலயே கேட்டுடுங்க. சொன்ன தேதி தாண்டி ரெண்டு வேலை நாள் விடுங்க, தேதியே சொல்லலன்னா அஞ்சாறு வேலை நாள், அப்பறம் ஒரு ஃபாலோ அப். அதுல இருக்க வேண்டியது இவ்ளோதான்: எந்த ரோல், எந்த தேதி எந்த ரவுண்ட், ஏதாவது அப்டேட் இருக்கா, என்கிட்ட இருந்து டாக்குமென்ட் ஏதாவது வேணுமா. "ஐ ஆம் ஈகர்லி வெயிட்டிங் சார் ப்ளீஸ் சார்" வேணாம். ஒரு வாரம் கழிச்சு இன்னொண்ணு போடலாம். அதுக்கும் பதில் இல்லன்னா இல்லன்னே வச்சுகிட்டு நகந்துடுங்க, பின்னாடி வந்தா லாபம். பேனல்காரர லிங்க்ட்இன்ல தேடி புடிச்சு தினம் ஹாய் சார் போடறது மட்டும் வேண்டவே வேண்டாம், அவரால சொல்லவும் முடியாது, சங்கடம்தான் மிச்சம்.

கையில வேற ஆஃபர் வந்து அதுக்கு கெடு இருந்தா, அத ஒளிக்காம சொல்லுங்க, "வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்களுக்கு பதில் சொல்லணும்"னு. தூங்கிட்டு இருந்த ஃபைல் நகரும். இல்லாத ஆஃபர இருக்குன்னு சொன்னா லெட்டர அனுப்புங்கம்பாங்க, முழிப்பீங்க.

ரெண்டு விஷயம் கண்டிப்பா. ஆஃபர் லெட்டர் கையில வந்து, சம்பளம், ஜாயினிங் தேதி எல்லாம் படிச்சு பாக்கற வரைக்கும் இருக்கற வேலைய ராஜினாமா பண்ணாதீங்க, "நீங்க செலக்ட்டு, பேப்பர் போட்டுடுங்க"ன்னு போன்ல சொன்னாலும் சரி. இன்னொண்ணு, இந்த காத்திருக்கற நேரத்துலதான் திருட்டு பசங்க வருவாங்க, ஜிமெயில்ல இருந்து கம்பெனி லோகோ போட்டு லெட்டர், ரெஜிஸ்ட்ரேஷனுக்கு இவ்ளோ, லேப்டாப் டெபாசிட்டுக்கு இவ்ளோ ஜிபே பண்ணுங்கன்னு. காசு கேட்டா அது வேலை இல்ல, அவ்ளோதான். சந்தேகமா இருந்தா கம்பெனி வெப்சைட்ல இருக்கற நம்பருக்கு நீங்களா கூப்பிட்டு கேளுங்க. காசு போயிடுச்சுன்னா உடனே 1930க்கு அடிங்க, அது சைபர் மோசடிக்கான ஹெல்ப்லைன்.

மீதி நேரம், நீங்க 2ஓ அதுக்கும் கீழயோ மார்க் போட்ட கேள்விங்கள மட்டும் எடுத்து படிங்க. புதுசா ஒரு கோர்ஸ் வாங்கி முதல்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க, அது படிக்கற மாதிரி ஒரு ஃபீல் குடுக்கும், அவ்ளோதான். அடுத்த இன்டர்வியூக்கு அப்ளை பண்றதையும் நிறுத்த வேணாம்.

7. ரிசல்ட் வந்தப்புறம்

செலக்ட் ஆனாலும் சரி இல்லனாலும் சரி, அந்த பழைய பேப்பர எடுத்து பக்கத்துல ரிசல்ட்ட எழுதுங்க. அஞ்சாறு இன்டர்வியூ சேந்ததும் தெரியும், நீங்க எப்பவுமே 20 கூட்டி போடற ஆளா, குறைச்சு போடற ஆளா, இல்ல கோடிங் ரவுண்ட்ல சரியா கணிச்சுட்டு டிசைன் ரவுண்ட்ல (ஒரு பெரிய சிஸ்டத்த எப்படி கட்டுவீங்கன்னு கேக்கறது) மட்டும் ஏமாறற ஆளான்னு. டிசைன் ரவுண்ட்ல நெறைய பேரு ஏமாறுவாங்க, ஏன்னா அங்க யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க, "ஓகே, ஓகே"ன்னு கேட்டுட்டே இருப்பாங்க, நாம பாட்டுக்கு லோட் பேலன்சர், காஃப்கா, ரெடிஸ்னு டூல் பேரா போட்டு பெட்டி பெட்டியா வரைஞ்சுட்டு வந்துடுவோம்.

ரிஜெக்ட்னா ஹெச்ஆர்கிட்ட ஒரு தடவை ஃபீட்பேக் கேளுங்க, "எந்த ஏரியால இம்ப்ரூவ் பண்ணணும்னு ஒரு வரி சொன்னா போதும்"னு. பெரும்பாலான கம்பெனி சொல்ல மாட்டாங்க, சொல்லக்கூடாதுன்னே அவங்களுக்கு ரூல் இருக்கும். சில ஹெச்ஆர் போன்ல மட்டும் வாய்மொழியா "எஸ்க்யூஎல் வீக்குன்னு எழுதியிருக்காங்க"ம்பாங்க, அத உங்க பேப்பர்ல நீங்க போட்ட மார்க்கோட சேத்து பாருங்க. மறுபடி அப்ளை பண்ண எத்தன மாசம் ஆகணும்னும் அப்பவே கேட்டுடுங்க, நெறைய இடத்துல ஆறு மாசம் இருக்கும், சில இடத்துல ரவுண்ட பொறுத்து மாறும், அந்த தேதிய கேலண்டர்ல போட்டு வச்சுட்டு அடுத்த கம்பெனி ஜேடிய (வேலை விவரத்த) தொறங்க.